முதலில் அரைவை, பிறகு இயந்திரம்
வீட்டுக் காப்பிக்கு ஒரு சிக்கனப் பாடம்

எஸ்பிரெஸ்ஸோ காப்பி இயந்திரம் இன்று நம்மவர் வீடுகளில் புதுமையான பொருளன்று. மும்பை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று நம் குடும்பங்கள் எங்கெல்லாம் குடியேறியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் சமையல் மேடையில் ஒரு சிறிய இயந்திரத்தைக் காணலாம். ஆனால் வாங்கியவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான். “இத்தனை பணம் கொடுத்தும் கடையில் குடிப்பது போல வரவில்லை. வீட்டு பில்டர் காப்பியின் ருசியும் இல்லை.” குறையைச் சொன்ன கையோடு, இதைவிடப் பெரிய இயந்திரமாக வாங்கினால் சரியாகிவிடுமா என்றும் கேட்கிறார்கள்.

சரியாகாது என்பதுதான் என் பதில். கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடவேண்டும், அடுத்து எதில் போடவேண்டும் என்ற வரிசை தெரிந்தால் பாதிச் செலவில் நல்ல காப்பி குடிக்கலாம். அந்த வரிசையைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை. நான் பாலக்காடு கல்பாத்தியில் வசிப்பவன். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே பாடம் நடத்தும் பழக்கம் சற்றுத் தலைகாட்டினால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்பாத்தி வீடுகளின் பழக்கம்

தஞ்சைப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் ஊர் கல்பாத்தி. காப்பி நம்மோடு கூட வந்த பொருள் அல்ல. அது வெகு பின்னால் வந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே பெயரிட்டார். வந்தபின் அதை நாம் விடவில்லை என்பது வேறு விஷயம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் பல வீடுகளில் காப்பிப்பொடி வாங்கும் வழக்கம் கிடையாது, கொட்டைதான் வாங்குவார்கள். வாரம் ஒருமுறை வாணலியிலோ, கைப்பிடி வைத்துச் சுற்றும் இரும்பு உருளையிலோ வறுப்பார்கள். மேசை விளிம்பிலோ, தூணில் அடித்த பலகையிலோ திருகி மாட்டிய இரும்பு அரைவை இயந்திரம் ஒன்று இருக்கும். விடியற்காலையில் அதைச் சுற்றுகிற சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரைத்துப் பித்தளை பில்டரில் போடுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பில்டர் என்பது இரண்டு பாத்திரமும் சில துளைகளும் மட்டுமே; அதில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. வீட்டில் செலவழித்து வாங்கிய கருவி அரைவை இயந்திரம்தான். காப்பியின் ருசி கொட்டையிலும் அரைவையிலும் இருக்கிறது, வடிக்கும் பாத்திரம் அவற்றுக்கு அடுத்தபடிதான் என்பதை அந்தத் தலைமுறை அனுபவத்தால் அறிந்திருந்தது. எஸ்பிரெஸ்ஸோவுக்கும் இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. ஏன் என்று பார்ப்போம்.

எஸ்பிரெஸ்ஸோ என்றால் என்ன?

பில்டரில் நீர் தன் எடையால் பொடியின் ஊடே மெல்ல இறங்குகிறது. டிகாஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். எஸ்பிரெஸ்ஸோவில் அதே வேலையை அழுத்தம் செய்கிறது. ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையிலான வெந்நீர், இறுக்கி அமுக்கிய பொடியின் ஊடே 25 முதல் 30 வினாடியில் தள்ளப்படுகிறது.

9 பார் என்பது எவ்வளவு? 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் கீழே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஆக 9 பார் என்பது 90 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 60 மீட்டருக்குச் சற்று மேல். அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரத்துக்கு நீரை நிறுத்தி, அடியில் ஒரு கைப்பிடிப் பொடியை வைத்தால் எப்படியோ அப்படி.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. இத்தாலியில் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ 1884இல் நீராவிக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901இல் அதைத் திருத்தினார். ஆனால் நீராவியால் கிடைத்த அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார் அளவே. அக்கில்லே காஜ்ஜியா 1940களில் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு நீரைத் தள்ளச் செய்தபிறகுதான் உயர்ந்த அழுத்தமும், மேலே பொன்னிற நுரையும் வந்தன. முதலில் வந்த அந்த எஸ்பிரெஸ்ஸோவைத் தள்ளியது மின்சார பம்பு அல்ல, மனிதக் கையின் பலம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்கும்போது பயன்படும்.

அரைவையில் என்ன இருக்கிறது?

அழுத்தம் கூடக்கூட நீர் இளகிய வழியைத் தேடி ஓடும். பொடியில் ஓரிடம் பெருமணியாகவும் ஓரிடம் தூளாகவும் இருந்தால், பெருமணி உள்ள வழியே நீர் பாய்ந்து விடும். பெருமணியின் உட்புறச் சாறு இறங்காது. அதனால் புளிப்பும் நீர்த்த தன்மையும் வரும். தூளில் வேண்டாததும் சேர்ந்து இறங்கும். அதனால் கசப்பு வரும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்திருந்தால் குற்றம் அரைவையில் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருகையில் உடைத்த அரிசி ரவைக்கும் மிக்சியில் அடித்த ரவைக்கும் வித்தியாசம் தெரியாதவர் யார்? திருகையில் இரு கல்லுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ரவையின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த அளவுக்குச் சிறுத்த பிறகே அது வெளியே வரும். மிக்சியிலோ கத்தி அகப்பட்டதை அகப்பட்டபடி வெட்டுகிறது. ஒன்று மாவாகும்போது இன்னொன்று முழுசாகக் கிடக்கும். காப்பிக்கு நல்ல அரைவை இயந்திரம் என்பது திருகையின் பேரப்பிள்ளைதான். கல்லுக்குப் பதில் பல் வெட்டிய எஃகுக் கூம்பும், அதைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். இடைவெளியை நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும்.

கடையில் அரைத்து விற்கும் பொடி ஏன் ஆகாது என்றும் கேட்கலாம். அது பில்டருக்கான அரைவை; எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பெரும்பாலும் போதிய நுண்மை இராது. தவிர, ஒவ்வொரு கொட்டைக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அளவை மாற்றவேண்டும். பையில் வந்த பொடியை மாற்ற முடியாது. அரைத்த பொடியின் மணமும் வெகு விரைவில் போய்விடும். சிக்கரி கலந்த பொடியை இயந்திரத்தில் போடவே கூடாது. சிக்கரி நீர்பட்டதும் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும்.

ஒரே இயந்திரம், மூன்று பொடி

துபாயில் இருக்கும் என் மருமான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத் தேருக்கு வந்தபோது ஒரு சிறிய இயந்திரத்தைத் தன் தாயாருக்குக் கொண்டுவந்தான். என் அக்காவுக்கு எண்பது வயது. காலைக் காப்பி சரியாக இல்லாவிட்டால் அன்றைய பொழுதே சரியில்லை என்பவள். நான்கு நாள் குடித்துப் பார்த்தாள். “இது காப்பி இல்லைடா, கஷாயம். நீயே எடுத்துண்டு போ” என்று சொல்லிவிட்டாள். மருமானுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவழித்து இதைவிடப் பெரியதாக ஒன்று அனுப்புவதாகச் சொன்னான். “பத்து நாள் பொறு” என்று சொல்லிச் சோதனையில் இறங்கினேன்.

இயந்திரம் அதே, கொட்டையும் அதே, சிக்கரி கிடையாது. ஒவ்வொரு முறையும் 15 கிராம் பொடி. 30 கிராம் காப்பி இறங்கியதும் நிறுத்தினேன். கையில் கடிகாரம், கீழே தராசு.

கடையில் பில்டருக்காக அரைத்து வாங்கிய பொடி: 9 வினாடியில் ஓடிவிட்டது. நிறம் வெளிறல்; ருசி புளிப்பு.

மிக்சியில் அரைத்த பொடி: ஒரு பக்கமாகப் பீய்ச்சியது, 12 வினாடி. புளிப்பும் கசப்பும் சேர்ந்த சுவை.

நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய எஃகுக் கையரைவையில் அரைத்த பொடி: முதல் இரு முறை சரிவரவில்லை. அளவைச் சற்று நுணுக்கியபின் 28 வினாடி. தேன்போல் இறங்கியது.

மூன்றாவதைக் காய்ச்சிய பாலில் சேர்த்து, டபராவில் ஆற்றி அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை; டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தாள். மறுநாள் காலை, “அந்த மிஷின் காப்பியே போடேன்” என்றாள். மருமான் பெரிய இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு நல்ல கையரைவை ஒன்று வாங்கினோம். மீதிப் பணம் அவன் பெண்ணின் படிப்புக் கணக்கில் இருக்கிறது.

பணத்தைச் செலவிடும் வரிசை

1. கொட்டை. வறுத்த தேதி அச்சிட்ட பையாகப் பார்த்துச் சிறிய அளவில் வாங்குங்கள். வறுத்த ஒரு வாரத்திலிருந்து ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்பி வாரியம் பல பத்தாண்டுகள் விளைச்சல் முழுவதையும் தானே வாங்கி ஏலம் விட்டது. 1990களில் அந்த ஏற்பாடு நீங்கிய பிறகு தோட்டக்காரர்களே நேராக விற்க முடிகிறது. சிக்கமகளூர், குடகு, வயநாடு மட்டுமல்ல, நம் பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் காப்பி விளைகிறது. பாலோடு குடிக்கும் நமக்கு அராபிகா முக்கால் பங்கும் ரொபஸ்டா கால் பங்கும் சேர்ந்த கலவை ஏற்றது. ரொபஸ்டா நுரையும் கனமும் தரும்.

2. தராசு. 0.1 கிராம் காட்டும் சிறு தராசு போதும். இது இல்லாமல் எதையும் திருத்த முடியாது. விலையும் அற்பம்.

3. அரைவை. மொத்தப் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்கத் தயங்கவேண்டாம். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தண்டு ஆடாமல் இரு பக்கமும் தாங்கியில் நிற்கிறதா? திருகின் ஒவ்வொரு படியும் இடைவெளியை எவ்வளவு மாற்றுகிறது? 0.02 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்றது. பழைய இரும்பு அரைவை பில்டருக்கு இன்றும் நல்லது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு அதன் திருகு போதாது, சற்றுத் திருப்பினாலே ரவையிலிருந்து மாவுக்குத் தாவிவிடும். கையால் சுற்றுவது பொதுவாக அதே தரமுள்ள மின்சார அரைவையின் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். 15 கிராம் அரைக்க ஏறத்தாழ ஒரு நிமிடம். மூட்டுவலி உள்ளவர்கள் மட்டும் மின்சார அரைவைக்குப் போகலாம்.

4. வடிகட்டிக் கிண்ணம். சிறிய இயந்திரங்களோடு பெரும்பாலும் இரட்டை அடி வைத்த கிண்ணம் வரும். மேல் அடியில் பல துளைகள், கீழ் அடியில் ஒரே ஊசித்துளை. எந்தப் பொடியைப் போட்டாலும் அந்த ஊசித்துளை அழுத்தத்தை உண்டாக்கி நுரையைக் காட்டும். நல்ல அரைவையின் பலனையும் அது மறைத்துவிடும். ஒற்றை அடிக் கிண்ணம் தனியாகக் கிடைக்கும். விட்டத்தை அளந்து வாங்கவேண்டும். சிறியவற்றில் பல 51 மில்லிமீட்டர், காஜ்ஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்றவற்றில் 58 மில்லிமீட்டர். பொருந்தும் அளவில் கனமான உலோக அமுக்கி ஒன்றும் வாங்குங்கள்.

5. இயந்திரம். இது கடைசியில்தான். மேற்சொன்ன நான்கும் ஆனபிறகு ஆறு மாதம் குடித்துப் பாருங்கள். அப்போதும் குறை தெரிந்தால் மாற்றலாம்.

நமக்கு நுரைக்குழாய் வேண்டுமா?

இயந்திரத்தின் விலையில் கணிசமான பகுதி, பாலை நுரைக்கும் நீராவிக்காகச் செய்த கொதிகலனுக்கும் குழாய்க்கும் போகிறது. கப்புச்சினோ குடிப்பவர்களுக்கு அது தேவை. நாமோ பாலை அடுப்பில் காய்ச்சுகிறோம், டபராவில் ஆற்றி நுரைக்கிறோம். அந்த நுரைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் குடும்பம், காஜ்ஜியா காட்டிய வழியில் கையால் நெம்பும் கருவியை எண்ணிப் பார்க்கலாம். பிளேர், கேபிலாட் ரோபோ என்ற பெயர்களில் இவை கிடைக்கின்றன. கொதிகலன் இல்லை, பம்பு இல்லை, மின்சாரமும் இல்லை. கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி நெம்புகோலை அழுத்தினால் அதே 9 பார் கிடைக்கும். பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை. ரப்பர் வளையத்தை அவ்வப்போது மாற்றினால் போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைதான். வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் காப்பி கேட்பார்கள் என்றால் பம்பு இயந்திரமோ, நம் பழைய பில்டரோதான் கைகொடுக்கும்.

திருத்தும் முறை

15 கிராம் அரையுங்கள். கிண்ணத்தில் மேடுபள்ளம் இல்லாமல் பரப்பி, நேராக அமுக்குங்கள். 30 கிராம் இறங்கும் நேரத்தைப் பாருங்கள்.

20 வினாடிக்குள் ஓடி, புளித்தால்: அரைவையை ஒரு படி நுணுக்குங்கள்.

40 வினாடி தாண்டிச் சொட்டி, கசந்தால்: ஒரு படி பெருக்குங்கள்.

நேரம் சரியாக இருந்தும் ருசி இல்லையென்றால்: கொட்டை பழசா என்று பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இதில் தலையாய விதி. அரைவை, எடை, அமுக்கு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது. சரியான அளவு கிடைத்ததும் 30 கிராமுக்கு 100 முதல் 120 மில்லி லிட்டர் பால் சேர்த்தால் நம் டம்ளர் காப்பி.

ஊருக்குக் கொண்டுவருபவர்களுக்கு

அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி. இந்தியாவில் 230 வோல்ட், 50 சுழற்சி. அங்கே வாங்கிய இயந்திரத்தை இங்கே நேராகச் செருகினால் எரிந்துபோகும். 1,400 வாட் தாங்கும் மின்மாற்றி வாங்கினாலும் அது கனமானது. சுழற்சி மாறுவதால் பம்பும் சரியாக ஓடாது. பெற்றோருக்குக் கொடுப்பதென்றால் இந்தியாவிலேயே வாங்கிக் கொடுங்கள். துபாய், சிங்கப்பூர், இங்கிலாந்து மின்சாரம் இங்குள்ளதோடு ஒத்துப்போகும். செருகியை மட்டும் மாற்றவேண்டும், வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருகவேண்டும். கையரைவைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. பெட்டியில் ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

கெட்டிலில் வெள்ளைப் படிவு தட்டும் ஊர்களில் கடின நீரை இயந்திரத்தில் ஊற்றாதீர்கள். படிவு நீக்குவதற்குமுன் கையேட்டைப் பாருங்கள். அரைவையின் பற்களைத் தண்ணீரில் கழுவாமல் தூரிகையால் துடையுங்கள். அரிசியோ மிளகோ அதில் அரைக்க விடாதீர்கள்.

நினைவில் கொள்ள

பெட்டியில் ‘15 பார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பம்பின் உச்ச பலம்; நல்ல காப்பிக்கு வேண்டியது 9 பார் அளவே. அந்த எண்ணைப் பார்த்து மயங்கி விலை கொடுக்கவேண்டாம். இயந்திரம் நீரைத் தள்ளும். சாறு இறங்குவது அரைவையைப் பொறுத்தது. நல்ல அரைவையும் சிறிய இயந்திரமும் உள்ள வீட்டில் நல்ல காப்பி கிடைக்கும். பெரிய இயந்திரமும் மிக்சிப் பொடியும் உள்ள வீட்டில் கிடைக்காது. எஸ்பிரெஸ்ஸோவே வேண்டாம் என்று ஒருநாள் தோன்றினாலும் அந்த அரைவை வீணாகாது. திருகை நாலு படி பெருக்கி பில்டரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.